நினைவு எப்படி வேலை செய்கிறது: புதிதாகக் கற்கத் தொடங்குபவருக்கு ஒரு செயல்முறை வழிகாட்டி

ஒரு பாடத்தை மூன்று முறை படித்தாகிவிட்டது. வரிகள் பழகிவிட்டன, எந்தப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதுகூடத் தெரிகிறது. புத்தகத்தை மூடிவிட்டுப் படித்ததைச் சொல்லச் சொன்னால் நாலு வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. உடனே பலரும் ‘எனக்கு ஞாபகசக்தி குறைவு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த முடிவு தவறு. பார்த்ததும் ‘இது தெரிந்ததுதான்’ என்று மனம் அடையாளம் காண்பது ஒரு வேலை. எதையும் பார்க்காமல் உள்ளிருந்து எடுத்துத் தருவது வேறொரு வேலை. முதல் வேலைக்குப் பயிற்சி எடுத்துவிட்டு இரண்டாவதை எதிர்பார்ப்பதால்தான் உழைப்பு வீணாகிறது.

நினைவைப் பற்றி உளவியல் ஏறத்தாழ 140 ஆண்டுகளாகச் சோதனை செய்து கண்டவற்றில், கற்பவருக்கு நேரடியாகப் பயன்படுபவை இங்கே உள்ளன. முதலில் இயக்கம், பிறகு செய்ய வேண்டியவை. நடுவில் சில சோதனைகள் வரும். தாள், பேனா, விநாடி காட்டும் கடிகாரம் இருந்தால் போதும். அவற்றைப் படித்துக் கடந்துவிடாமல் செய்து பாருங்கள்.

மறதி எந்த இடத்தில் நடந்தது?

நினைவுக்கு மூன்று கட்டங்கள் உண்டு: பதிதல், தங்குதல், மீட்டெடுத்தல். ‘மறந்துவிட்டது’ என்ற ஒரே சொல்லால் மூன்றில் நடக்கும் கோளாறையும் குறிக்கிறோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

தினமும் கையில் எடுக்கும் நாணயம் ஒன்றை நினைத்துக்கொண்டு, அதன் இரு பக்கங்களையும் பார்க்காமல் வரையுங்கள். எழுத்துகள் எங்கே, ஆண்டு எங்கே, உருவம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? ரேமண்ட் நிக்கர்சன், மர்லின் ஆடம்ஸ் இருவரும் 1979-ல் அமெரிக்க ஒரு சென்ட் நாணயத்தை வைத்து இதைச் செய்தார்கள். பெரும்பாலோரால் சரியாக வரைய முடியவில்லை. ஆயிரக்கணக்கான முறை பார்த்த பொருள்தான். ஆனால் நிறமும் அளவுமே நாணயத்தை அடையாளம் காணப் போதும் என்பதால் மற்ற விவரங்கள் கவனத்துக்கு வரவே இல்லை. எத்தனை முறை பார்த்தோம் என்பது கணக்கில்லை. எதைக் கவனித்தோம் என்பதுதான் பதிகிறது.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மறந்துபோன விஷயத்துக்கு ஒரு சிறு குறிப்பு கொடுத்துப் பாருங்கள்: முதல் எழுத்து, அது வந்த அத்தியாயம், அதற்கு முன்னால் சொன்ன கருத்து. குறிப்பு கிடைத்ததும் வந்துவிட்டால், விஷயம் உள்ளே இருக்கிறது, எடுக்கும் வழிதான் பலவீனம். விடையையே முன்னால் வைத்தாலும் புதிதுபோலத் தோன்றினால், அது பெரும்பாலும் பதியவே இல்லை. முதல் வகைக்கு மீட்டெடுக்கும் பயிற்சி வேண்டும். இரண்டாம் வகைக்கு மறுபடி, இம்முறை புரிந்துகொண்டு, படிக்க வேண்டும்.

நுழைவாயில் மிகக் குறுகலானது

ரிச்சர்ட் அட்கின்சனும் ரிச்சர்ட் ஷிஃப்ரினும் 1968-ல் முன்வைத்த மாதிரி இன்றும் நல்ல தொடக்கம்: புலன் நினைவு, குறுகிய கால நினைவு, நீண்ட கால நினைவு. புலன் நினைவைப் பற்றி ஒரே ஒரு தகவல் போதும். ஜார்ஜ் ஸ்பெர்லிங் 1960-ல் எழுத்துகளின் தொகுப்பை 50 மில்லிவிநாடி மட்டும் காட்டினார். எல்லாவற்றையும் சொல்லச் சொன்னால் நாலைந்துதான் வந்தன. மறைத்த உடனே ஒரு வரிசையை மட்டும் கேட்டபோது, எந்த வரிசையைக் கேட்டாலும் பெரும்பகுதியைச் சொன்னார்கள். அதாவது ஒரு கணம் எல்லாமே உள்ளே இருந்தது, சொல்லி முடிப்பதற்குள் கலைந்தது.

நம் கவலை அடுத்த நிலையைப் பற்றியது. இதைச் செய்யுங்கள்: ம, ற, ங என்று தொடர்பற்ற மூன்று எழுத்துகளை ஒருவர் உங்களுக்குச் சொல்லட்டும். உடனே 507-இலிருந்து மும்மூன்றாகக் குறைத்து உரக்க எண்ணுங்கள்: 504, 501, 498… பதினெட்டு விநாடி கழித்து அந்த எழுத்துகளைக் கேட்கட்டும். வேறு வேறு எழுத்துகளை வைத்து ஏழெட்டு முறை திரும்பச் செய்தால் தடுமாற்றம் தெளிவாகத் தெரியும். லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் 1959-ல் செய்த சோதனை இதுவே. பதினெட்டு விநாடியில் சரியான விடைகள் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்தன. மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்ல விடாமல் தடுத்தால், மூன்று எழுத்துகூட அரை நிமிடம் தங்குவதில்லை.

கொள்ளளவும் சிறியது. ஜார்ஜ் மில்லர் 1956-ல் ஏழு, அதிலிருந்து இரண்டு கூடவோ குறையவோ என்றார். நெல்சன் கோவன் 2001-ல் பல ஆய்வுகளை அலசி, திரும்பச் சொல்லும் உத்தியையும் தொகுத்துக்கொள்ளும் உத்தியையும் நீக்கிவிட்டால் நான்கைச் சுற்றித்தான் நிற்கிறது என்று காட்டினார். திட்டமிடும்போது நான்கையே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஆனால் நான்கு என்பது நான்கு எழுத்துகள் அல்ல, நான்கு தொகுதிகள். 1 9 3 9 1 9 4 5 1 9 6 9 என்பது பன்னிரண்டு இலக்கம். இரண்டாம் உலகப்போர் தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, நிலவில் மனிதன் இறங்கிய ஆண்டு என்று பார்ப்பவருக்கு அது மூன்றே பொருள். இதை எவ்வளவு தூரம் வளர்க்கலாம் என்பதற்கு 1980-ல் ஆண்டர்ஸ் எரிக்சன், வில்லியம் சேஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு சான்று. சாதாரண நினைவாற்றல் கொண்ட கல்லூரி மாணவர் ஒருவர், 230 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி எடுத்து, ஏழு இலக்கத்திலிருந்து 79 இலக்கம் வரை கேட்டுத் திருப்பிச் சொல்லும் அளவுக்கு வந்தார். ஓட்டப் பந்தயக்காரரான அவர், இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றிக்கொண்டார். இலக்கத்துக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது ஆறோடு நின்றுவிட்டார். இந்தக் கடைசி விவரம் மிக முக்கியம். அவருடைய நுழைவாயில் அகலமாகவில்லை, ஏற்கெனவே தெரிந்த அறிவைக் கொண்டு தொகுக்கும் திறன்தான் வளர்ந்தது. ‘மூளைப் பயிற்சி’ விளையாட்டுகளில் நன்றாக ஆடப் பழகுவதால் பொதுவான ஞாபகசக்தி கூடும் என்று நம்பிப் பணமும் நேரமும் செலவழிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதே இடத்தை ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் 1974-ல் ‘செயல்படும் நினைவு’ என்று விரித்தார்கள். சொற்களை ஒலியாகச் சுழற்றி வைத்திருக்கும் ஒரு பகுதி, காட்சிகளையும் இடத்தையும் வைத்திருக்கும் மற்றொரு பகுதி, இரண்டையும் மேற்பார்வையிடும் கவனம். 2000-ல் பேட்லி நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார், தொடங்குபவருக்கு அது அவசரமில்லை. இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடங்கள் மூன்று.

பாடல் வரிகளோடு இசை ஓடும்போது படித்தால், வாசிப்பும் பாடலும் ஒரே ஒலிப் பகுதிக்குப் போட்டியிடும். சொற்கள் இல்லாத இசை அவ்வளவு கெடுப்பதில்லை. படமும் விளக்கமும் சேர்ந்து வந்தால் இரு பகுதிகளும் பங்கிட்டுக்கொள்ளும், சுமை குறையும். ஆனால் படம் ஒரு பக்கம், விளக்கம் மறுபக்கம் என்று இருந்தால் ஒன்றைத் தாங்கிக்கொண்டே மற்றதைத் தேட வேண்டியிருக்கும், அது கெடுதல். அப்படிப்பட்ட புத்தகமாக இருந்தால் விளக்கத்தைச் சுருக்கிப் படத்தின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நீண்ட கால நினைவு: ஒன்றல்ல, பல

1953-ல் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற உட்பகுதியின் பெரும்பாகமும் அதைச் சுற்றிய திசுக்களும் அகற்றப்பட்டன. அதன் பிறகு புதிய நிகழ்ச்சிகளை அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. அறிவுத்திறனும் பேச்சும் அப்படியே இருந்தன. ஒரு எண்ணை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கும்வரை வைத்திருந்தார், கவனம் திரும்பியதும் போய்விடும். 2008-ல் இறக்கும்வரை ஆய்வுலகில் அவர் இரண்டு தலைப்பெழுத்துகளால் மட்டுமே அறியப்பட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பொறுமையுடன் ஒத்துழைத்த அந்த மனிதருக்கு நினைவு பற்றிய அறிவியல் மிகப் பெரிய கடன்பட்டிருக்கிறது.

உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றின் ஓரங்களுக்கிடையே கோடு வரையச் சொன்னார். மூன்று நாட்களில் தவறுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அதைச் செய்த நினைவே அவருக்கு இல்லை. கை கற்றுக்கொண்டது, மனம் அறியவில்லை. எண்டல் டல்விங் 1972-ல், மனம் அறிந்து சொல்லக்கூடிய நினைவையும் இரண்டாகப் பிரித்தார்: எனக்கு நடந்த நிகழ்ச்சிகளின் நினைவு, உலகைப் பற்றிய பொது அறிவின் நினைவு.

கற்பவருக்கு இதில் என்ன? நீங்கள் கற்க நினைப்பது எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டச்சு, நீச்சல், வாத்தியம் போன்ற திறன்களுக்கு விளக்கம் படிப்பது சிறிதளவே உதவும். செய்துதான் ஆக வேண்டும். வரலாறு, உயிரியல், சட்டம் போன்றவற்றுக்குக் கீழே வரும் படிகள் நேரடியாகப் பொருந்தும். கணிதமும் மொழியும் இரண்டும் கலந்தவை.

முதல் படி: படிக்கும் முன் ஐந்து நிமிடம்

ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் 1972-ல் மங்கலான ஒரு பத்தியைக் கேட்க வைத்தார்கள். பொருட்களை வகை பிரிப்பது, அதிகம் சேர்க்காமல் சில சில செய்வது என்றெல்லாம் போகும் பத்தி. ‘துணி துவைப்பது பற்றி’ என்று முன்பே சொல்லப்பட்டவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டு அதிகம் நினைவுகூர்ந்தார்கள். கேட்டு முடித்த பிறகு தலைப்பைச் சொன்னபோது பயன் ஏதும் இல்லை. தொங்கவிட ஆணி முன்பே இருக்க வேண்டும், சட்டையைக் கீழே போட்ட பிறகு ஆணி அடித்துப் பயனில்லை.

ஆகவே அத்தியாயத்தின் தலைப்புகள், படங்கள், கடைசிப் பத்தி ஆகியவற்றை ஐந்து நிமிடம் பாருங்கள். ‘இது எதைப் பற்றியது? எனக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?’ என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு மூன்று கேள்விகளை எழுதி, படிக்காமலேயே விடையை ஊகியுங்கள். ஊகம் தவறாக இருந்தால் கெடுதி இல்லை. தவறாக ஊகித்துச் சரியான விடையைப் பின்னர் பார்த்தவர்கள், நேராக விடையைப் படித்தவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரண்டாம் படி: பொருளோடு பதியவைத்தல்

‘இதை மனப்பாடம் செய்தே தீர வேண்டும்’ என்ற உறுதி எவ்வளவு உதவும்? 1969-ல் தாமஸ் ஹைட், ஜேம்ஸ் ஜென்கின்ஸ் நடத்திய ஆய்வு வியப்பான விடை தருகிறது. ஒரு சொல் இனிமையானதா இல்லையா என்று மதிப்பிட்டவர்கள், தேர்வு இருப்பது தெரியாமலேயே, மனப்பாடம் செய்யச் சொல்லப்பட்டவர்களுக்கு ஏறக்குறையச் சமமாக நினைவுகூர்ந்தார்கள். சொல்லில் குறிப்பிட்ட எழுத்து இருக்கிறதா என்று மட்டும் தேடியவர்கள் வெகுவாகப் பின்தங்கினார்கள். ஃபெர்கஸ் க்ரெய்க், எண்டல் டல்விங் 1975-ல் இன்னும் பல சோதனைகளில் இதையே கண்டார்கள்: எழுத்துவடிவைப் பார்ப்பதைவிட ஒலியைக் கவனிப்பது மேல், ஒலியைவிடப் பொருளை யோசிப்பது மிக மேல்.

எனவே பத்து முறை உருப்போடும் நேரத்தில் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நின்று, ‘ஏன் இப்படி?’ என்ற கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் விடை சொல்லுங்கள். முன்பு தெரிந்த ஒன்றோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே வேறுபடுகிறது என்று ஒரு வாக்கியம். புத்தகத்தில் இல்லாத ஓர் உதாரணத்தைச் சொந்தமாக உருவாக்குங்கள். உதாரணம் வரவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள். அடுத்த பத்திக்குப் போகாதீர்கள்.

வண்ணப் பேனாவால் அடிக்கோடு இடுவது இங்கேதான் ஏமாற்றும். கை வேலை செய்கிறது, மனம் தூங்குகிறது. அடிக்கோடு இட்டே ஆக வேண்டும் என்றால், முதல் வாசிப்பில் வேண்டாம். பத்தியை முழுதாகப் படித்த பிறகு, ஒரே ஒரு சொற்றொடரைத் தேர்ந்தெடுத்து இடுங்கள். தேர்ந்தெடுக்கும் யோசனைதான் பயன், மை அல்ல.

மூன்றாம் படி: மூடிவிட்டு எழுதுதல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் 2006-ல் மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு நான்கு முறை படித்தது. மற்றொரு பிரிவு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால், நான்கு முறை படித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்தால் படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. ஒரு வாரத்தில் எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையுடன் இருந்தார்கள். படிக்கும்போது சரளமாக ஓடுவதைத் தேர்ச்சி என்று மனம் எடுத்துக்கொள்கிறது. முதல் ஐந்து நிமிடத்துக்கு அது உண்மையும்கூட, அதனால்தான் இந்தப் பழக்கத்தை விடுவது கடினம்.

செய்முறை இது. 20 முதல் 25 நிமிடம் படியுங்கள். புத்தகத்தை மூடிக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள். வெற்றுத் தாளில் பத்து நிமிடம், நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். வரிசையும் அழகும் முக்கியமில்லை. மூன்றாம் நிமிடத்தில் வறண்டுவிடும். அங்கே நிறுத்தாமல், தலைப்புகளை நினைத்து, படங்களை நினைத்து, மேலும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திணறல்தான் வேலை. பிறகு புத்தகத்தைத் திறந்து, வேறு நிற மையால் விட்டதையும் தவறையும் குறியுங்கள். குறித்தவற்றை மட்டும் மறுபடி படியுங்கள்.

எங்கே தவறும்? முதலாவது, சில விநாடி திணறியதும் எட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு கேள்விக்கும் குறைந்தது பதினைந்து விநாடி போராடுங்கள். இரண்டாவது, சரிபார்க்காமல் விடுவது. தவறாக நினைவுகூர்ந்ததைத் திருத்தாவிட்டால் தவறே பலப்படும். நிச்சயம் சரி என்று நம்பிய விடை தவறாகிவிட்டால் வருந்த வேண்டாம், திருத்தியதும் அது மற்றவற்றைவிட ஆழமாகப் பதிகிறது. மூன்றாவது, கொள்குறி வினாக்களை மட்டும் நம்புவது. அங்கே விடை கண்முன் இருக்கும், அடையாளம் கண்டால் போதும். எழுத்துத் தேர்வுக்கு அது போதாது. நான்காவது, தாளில் எழுதாமல் ‘மனத்துக்குள்ளே சொல்லிப் பார்த்தேன்’ என்பது. மனம் பாதி வாக்கியத்திலேயே ‘தெரியும்’ என்று முத்திரை குத்திவிடும்.

நான்காம் படி: இடைவெளி விடுதல்

ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல் வெளியிட்ட ஆய்வுக்குச் சோதனைக்கு உட்பட்டவர் அவர் ஒருவரே. பொருளற்ற அசைகளின் பட்டியல்களைத் தவறின்றிச் சொல்லும்வரை படித்து, சில நேரம் கழித்து மீண்டும் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சம். ஒரு நாள் கழித்து 34. 31 நாள் கழித்து 21. வீழ்ச்சி தொடக்கத்தில் செங்குத்து, பிறகு ஏறக்குறையச் சமதளம். பொருளுள்ள பாடம் இவ்வளவு வேகமாக உதிராது, ஆனால் வளைவின் வடிவம் அதேதான்.

மறுபடி பார்ப்பதை எப்போது வைப்பது? 1,350 பேருக்கும் மேல் பங்கேற்ற ஓர் ஆய்வை நிக்கோலஸ் செபேடா, ஹரால்ட் பாஷ்லர் குழுவினர் 2008-ல் வெளியிட்டார்கள். எவ்வளவு காலம் நினைவிருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தே இடைவெளி என்பது அதன் விடை. தேர்வு ஒரு வாரத்தில் என்றால் அதன் 20 முதல் 40 சதவீதம், அதாவது ஒன்றிரண்டு நாள். ஓராண்டு தாங்க வேண்டும் என்றால் 5 முதல் 10 சதவீதம், அதாவது மூன்று முதல் ஐந்து வாரம். ஒரே இரவில் ஐந்து மணி நேரம் படிப்பதை ஐந்து நாளில் ஒரு மணி நேரமாகப் பிரித்தால், உழைப்பு அதே அளவு, மிஞ்சுவது அதிகம்.

நடைமுறையில், ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிய அட்டைகளே வசதி. 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறையை எளிமையாக்கினால் இப்படி: ஐந்து பெட்டிகள். புதிய அட்டை முதல் பெட்டியில். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது இரு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. விடை சரியானால் அடுத்த பெட்டிக்கு ஏறும், தவறினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதலாவதுக்கு இறங்கும். கணினிச் செயலிகளும் இதே கொள்கையில்தான் ஓடுகின்றன.

அட்டை எழுதுவதில் பலர் சறுக்குகிறார்கள். ஓர் அட்டையில் ஒரே கேள்வி, அதற்கு ஒரே விடை. ‘செயல்படும் நினைவு பற்றி எழுதுக’ என்பது அட்டைக்குரிய கேள்வி அல்ல, பாதி தெரிந்தாலும் சரி என்று போட்டுக்கொள்ளத் தோன்றும். ‘பாடல் வரிகள் வாசிப்பைக் கெடுப்பது ஏன்?’ என்பது நல்ல அட்டை. விடை ஒரு மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். புரியாததை அட்டையாக்காதீர்கள், அது என்றும் முதல் பெட்டியிலேயே கிடக்கும். புதியவை நாளொன்றுக்கு பத்துக்கு மேல் வேண்டாம். இன்று நாற்பது சேர்ப்பது எளிது, அடுத்த வாரம் அத்தனையும் திரும்பி வந்து நிற்கும். பெரும்பாலானவர்கள் முறையைக் கைவிடுவது இந்தக் குவியலைப் பார்த்துத்தான். அப்படிக் குவிந்துவிட்டால் புதியதை நிறுத்திவிட்டுப் பழையதைத் தினம் இருபது வீதம் தீருங்கள்.

இடைவெளி ஏன் பலன் தருகிறது? ராபர்ட் பியோர்க், எலிசபெத் பியோர்க் தரும் விளக்கம் நல்லது. ஒரு நினைவுக்கு இரண்டு வலிமை உண்டு: எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது ஒன்று, இப்போது எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிறது என்பது மற்றொன்று. சுலபமாக வரும்போதே மறுபடி பார்த்தால் வேர் ஆழமாவதில்லை. சற்றே மறந்து, சிரமப்பட்டு எடுக்கும்போது அதிகம் ஆழமாகிறது. ஆகவே அட்டையைப் புரட்டும்போது கொஞ்சம் மறந்திருப்பது முறை சரியாக ஓடுவதன் அடையாளம். பத்தில் எட்டு, ஒன்பது சரியாக வந்தால் இடைவெளி பொருத்தம். பத்தும் வந்தால் இடைவெளியை நீட்டுங்கள், பாதிதான் வருகிறது என்றால் குறையுங்கள்.

ஐந்தாம் படி: கலந்து பயிலுதல்

கணக்குப் பயிற்சிகளில் ஒரே வகையை இருபது போட்டுவிட்டு அடுத்த வகைக்குப் போவது வழக்கம். டக் ரோரர், கெல்லி டெய்லர் 2007-ல் திடப்பொருள்களின் கனஅளவு கணக்குகளில் இதைச் சோதித்தார்கள். வகைவாரியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம், கலந்து பயின்றவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் வகைவாரியாகப் பயின்றவர்கள் 20, கலந்தவர்கள் 63. வரிசையாகப் போடும்போது எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையே வருவதில்லை. தேர்வில் அதுதான் கேட்கப்படுகிறது. ஒவ்வொரு வகையிலும் நாலைந்து போட்டு அடிப்படை பிடிபட்டதும் கலக்கத் தொடங்குங்கள். முதல் நாளே கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆறாம் படி: தூக்கம்

ஜான் ஜென்கின்ஸ், கார்ல் டாலன்பாக் 1924-லேயே, கற்ற பிறகு தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறந்ததைக் காட்டினார்கள். அன்று கற்றதை மூளை உறக்கத்தில் மறுபடி ஓட்டி நிலைப்படுத்துகிறது என்பதற்குப் பின்னாளில் ஏராளமான சான்றுகள் சேர்ந்தன. தேர்வுக்கு முந்தைய இரவு விழித்தால் இரண்டு இழப்பு: அன்று படித்தது உறுதியாகாது, மறுநாள் கவனமும் இருக்காது. தூங்கப் போகும் முன் பதினைந்து நிமிடம் அட்டைகளைப் பார்த்துவிட்டு, கைப்பேசியைத் தொடாமல் படுங்கள்.

தொடர்பற்ற பட்டியலுக்கு ஓர் உத்தி

எலும்புகளின் பெயர்கள், ஒரு சட்டத்தின் பிரிவுகள் என்று தர்க்கத்தால் இணைக்க முடியாத வரிசைகள் உண்டு. இவற்றுக்குப் பழைய கிரேக்கர்கள் பயன்படுத்திய இட முறை இன்றும் நிகரற்றது. நன்கு தெரிந்த வீட்டை எடுத்துக்கொண்டு, வாசலிலிருந்து நடக்கும் வரிசையில் பத்து இடங்களை நிலையாகக் குறியுங்கள். ஒவ்வொன்றிலும் பட்டியலின் ஒரு பொருளை, அசைவும் மிகையும் கொண்ட காட்சியாக வையுங்கள். ஒரு காட்சிக்கு ஏழெட்டு விநாடி கொடுங்கள். பிறகு மனத்தால் நடந்து எடுங்கள். ஒரே நாளில் அதே வீட்டில் இரண்டு பட்டியல்களை வைத்தால் ஒன்றோடொன்று கலக்கும், அதற்கு வேறு இடம் வேண்டும். இது வரிசையைக் காக்கும், புரிதலைத் தராது.

நினைவு தானே திருத்தி எழுதும்

நினைவுகூர்தல் என்பது பதிந்ததை அப்படியே ஓட்டிப் பார்ப்பதல்ல. இருக்கும் துண்டுகளையும் பொது அறிவையும் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம். எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் 1974-ல் கார் விபத்துக் காட்சியைக் காட்டி வேகத்தைக் கேட்டார்கள். ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்டால் சராசரி விடை மணிக்கு 40.5 மைல். ‘தொட்டபோது’ என்று கேட்டால் 31.8. இன்னொரு பிரிவினரிடம் ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடி இருந்ததா என்று கேட்டபோது, ‘நொறுங்கிய’ என்று கேட்கப்பட்டிருந்த 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள். ‘இடித்த’ என்று கேட்கப்பட்டிருந்த 50 பேரில் 7 பேர். காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே முக்கியமான நிகழ்ச்சி எதையாவது கண்டால், மற்றவர்களோடு பேசும் முன் தனியாக எழுதி நேரமும் குறித்துவிடுங்கள். ஒரு குழந்தையிடமோ சாட்சியிடமோ கேட்கும்போது, ‘அவர் சிவப்புச் சட்டையா போட்டிருந்தார்?’ என்று கேட்காமல், ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். நினைவு தெளிவாக இருப்பதும் உறுதியாகச் சொல்வதும் அது உண்மை என்பதற்குச் சான்றாகாது.

அன்றாட மறதிகள்

தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நின்று வராவிட்டால் முதல் எழுத்தையும் அந்த நபரைச் சந்தித்த இடத்தையும் முயன்று பாருங்கள். தவறான பெயர் ஒன்றே திரும்பத் திரும்ப வந்தால் சில நிமிடம் விட்டுவிடுங்கள். பின்னால் செய்ய வேண்டிய வேலை மறந்துபோவது வேறு வகை. அங்கே விஷயம் நினைவிருக்கும், நேரத்தில்தான் தோன்றாது. ‘இரவு மருந்து எடுக்க வேண்டும்’ என்று உறுதி எடுப்பதைவிட, ‘இரவு பல் துலக்கி முடித்ததும் மருந்துப் பெட்டியைத் திறப்பேன்’ என்று நிகழ்ச்சியோடு கட்டுங்கள். பெட்டியைப் பல் துலக்கும் தூரிகைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். உயிருக்கு முக்கியமான எதையும் நினைவை மட்டும் நம்பி விடாதீர்கள், அலாரம் வையுங்கள்.

சாவியை வைத்த இடம் மறப்பது இயல்பு. பழகிய பாதையில் வழி தவறுவது, சற்றுமுன் பேசியதையே பலமுறை கேட்பது, வழக்கமான வேலையின் படிகள் குழம்புவது, இவை மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, தூக்கக் குறைவு, சில மருந்துகள் ஆகியவையும் நினைவைக் கெடுக்கும், இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. திடீரெனக் குழப்பமோ பேச்சுத் தடுமாற்றமோ வந்தால் அது அவசரநிலை, ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

முதல் வாரம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் நாள் ஒரே ஓர் அத்தியாயம்: ஐந்து நிமிட முன்பார்வை, இருபத்தைந்து நிமிட வாசிப்பு, பத்து நிமிட வெற்றுத் தாள், பத்து நிமிடச் சரிபார்ப்பு. விட்டுப்போனவற்றிலிருந்து எட்டு அட்டைகள். இரண்டாம் நாள், புத்தகத்தைத் திறக்கும் முன்பே அதே அத்தியாயத்துக்கு ஐந்து நிமிடம் வெற்றுத் தாள், பிறகு அட்டைகள், பிறகுதான் புதிய பகுதி. மூன்றாம் நாளும் புதிய பகுதியும் அட்டைகளும். நான்காம் நாள் புதியது எதுவும் இல்லாமல் முதல் மூன்று நாள் கேள்விகளைக் கலந்து எழுதுங்கள். அன்று எரிச்சல் வரும், முதல் நாள் தெளிவாக இருந்தது மங்கியிருக்கும். பழைய முறைக்குத் திரும்பத் தோன்றுவதும் அன்றுதான். ஐந்து, ஆறாம் நாட்கள் வழக்கம்போல். ஏழாம் நாள், முதல் அத்தியாயத்தை வெற்றுத் தாளில் மறுபடி எழுதி, முதல் நாள் தாளின் பக்கத்தில் வைத்து எத்தனை கருத்துகள் வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் முதல் நாளின் வாசிப்பில் ‘ஏன்’ என்ற கேள்வியை எங்கே விட்டீர்கள் என்று பாருங்கள். சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால், அந்த அத்தியாயத்தின் அடுத்த சந்திப்பை இரண்டு வாரம் தள்ளிக் குறித்துக்கொள்ளலாம்.